ராசாத்திக்கு எடுத்த சேலைகள்

எங்கள் வீட்டுச் சாமி ஆவுடையார்கோவிலில் இட்லிக்கடை நடத்திக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இந்த வயதில் ஒரு மனுஷிக்குப் புதிதாகத் தெரியவேண்டிய விஷயமா அது? சர்க்கரை, மூட்டுவலி, மகளுக்குப் பார்க்கிற மாப்பிள்ளையின் குணம் என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு எவ்வளவோ இருந்தது.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆலங்குடியிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி, முந்திரிக்காடு முடிந்து எங்கள் ஊர் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. அப்பாவின் அப்பா மலையாண்டி கட்டியது. செம்புறாங்கல்லைத் தானே வெட்டி, மாட்டுவண்டியில் ஏற்றி வந்து, மூன்று வருஷம் பாடுபட்டுக் கட்டினார். பனஞ்சட்டம், நாட்டு ஓடு, மூன்று அறை. கஜா புயல் அன்றைக்கு ஓட்டில் பாதி பறந்துவிட்டது. மீதி வீட்டை ஏழு வருஷமாகத் தார்ப்பாய்தான் காப்பாற்றி வருகிறது. மழை வந்தால் என் அம்மா அழகி ஒவ்வோர் அறைக்கும் நாலு பாத்திரம் எடுத்து வைப்பாள். குவைத்தில் இருபது வருஷம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பிய என் தம்பி உதயசூரியன், இதை இடித்துத் தளம் போட்ட வீடு கட்டுவதென்று முடிவெடுத்தான். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஒழுகுகிற வீட்டை நினைத்து உருகுகிறவர்கள் எல்லாரும் ஒழுகாத வீட்டில் குடியிருப்பவர்கள்.

அந்த வீட்டின் நடு அறை உத்தரத்தில் ஓர் ஓலைப்பெட்டி தொங்கும். அதுதான் சாமி. அப்பாவின் தங்கை ராசாத்தி, பத்தொன்பது வயதில், கல்யாணம் ஆகாமலே, தஞ்சாவூரில் சொந்தக்காரர் வீட்டில் காமாலை கண்டு இறந்துபோனாள். கன்னியாகப் போனதால் வீட்டுக்குள்ளேயே தெய்வமாக நிற்கிறாள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். தை மாதம் கடைசி வெள்ளியன்று பெட்டியை இறக்குவோம். போன வருஷத்துச் சேலையை எடுத்துவிட்டுப் புதுச் சேலை வைத்து, படையல் போட்டு, பெட்டியைத் திரும்ப ஏற்றுவோம். புதுச் சேலையை அப்பாவே புதுக்கோட்டைக்குப் போய் எடுத்து வருவார். இறக்கிய சேலையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும் என்பது மற்ற வீடுகளின் வழக்கம். எங்கள் வீட்டில் அம்மா அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மறுநாளே ஆவுடையார்கோவிலுக்குப் பஸ் ஏறிவிடுவாள். ஆத்மநாதரைக் கும்பிட்டுவிட்டு அங்கே ஓர் ஏழைப் பெண்ணுக்குச் சேலையைக் கொடுப்பதாக வேண்டுதல் என்பாள்.

சாமி வீட்டுக்குள் வந்ததற்குக் காரணமே நான்தான். எனக்கு மூன்று வயதில் விடாத காய்ச்சல். டாக்டர் ஊசியெல்லாம் பார்த்தாகிவிட்டது. கோடாங்கியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் உடுக்கை அடித்து, இந்த வீட்டுக் கன்னி ஒன்று சேலை கேட்கிறது என்று சொல்லியிருக்கிறார். தாத்தா ரொம்ப நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு, "எடுத்து வச்சிரலாம்" என்றாராம். சேலை வைத்த மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் விட்டது. அன்றிலிருந்து நான் ராசாத்தி காப்பாற்றிய பிள்ளை.

அதனால் அவளிடம் எனக்கு உரிமை அதிகம். எது வேண்டுமானாலும் பெட்டிக்குக் கீழே போய் நின்றுவிடுவேன். மனசுக்குள் கும்பிடுவது எங்கள் வீட்டில் செல்லாது. கன்னிச்சாமி சின்னப் பிள்ளை, அதற்கு மனசில் இருப்பதெல்லாம் தெரியாது, வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது தாத்தா வைத்த சட்டம். நானும் வாய்விட்டே கேட்டிருக்கிறேன். சில சமயம் சண்டையும் போட்டிருக்கிறேன். அம்மா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மனைப் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தது. அதை மாற்றினால்தான் வீடு கட்டலாம். உதயசூரியனுக்கு ஆபீஸ் என்றாலே அலர்ஜி, எனக்கோ சத்துணவு அமைப்பாளர் வேலையில் முப்பது வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்த பழக்கம். போன மார்கழியில் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். எங்கள் வி.ஏ.ஓ. சிவரஞ்சனி சின்னப் பெண், மரியாதையான பெண். பழைய ரேஷன் கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இதுல ராசாத்தி, மகள்னு ஒரு பேரு இருக்கே மேடம். அவங்க எங்க இருக்காங்க?"

"சாமியாயிட்டாங்க" என்றேன்.

"அப்படின்னா இறப்புச் சான்றிதழ் வேணும் மேடம்" என்றாள் அவள், சிரிக்காமல்.

ஐம்பது வருஷத்தில் ஒருத்தரும் அவள் சாவைப் பதியவில்லை. அதற்கும் வழி இருந்தது. இன்ன வருஷம் இன்ன இடத்தில் இறந்தார் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் பத்திரத் தாளில் உறுதி எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதை வைத்து மேற்கொண்டு நடத்தலாம். நான் ஆலங்குடியிலேயே டைப் அடித்து வாங்கிக்கொண்டு நேராக அம்மாவிடம் வந்தேன்.

அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தாள். பிறகு தாளை மடித்து என்னிடமே நீட்டினாள்.

"நான் போடமாட்டேன்."

"ஏம்மா? பேனாவா பிடிக்கலை?"

"உசுரோட இருக்கிறவளைச் செத்துட்டான்னு எப்படிடி எழுதிக் குடுக்கிறது?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கு அது கூட வரவில்லை. "யாரு உசுரோட இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"ராசாத்திதான். வாயால என்ன வேணாச் சொல்லலாம். ஐம்பது வருசமாச் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன். கையெழுத்துப் போட்டா அது நெசமாயிரும். என்னால ஆகாது."

அன்றைக்கு வெங்காயம் அப்படியே கிடந்தது. அம்மா எல்லாவற்றையும் சொன்னாள்.

முந்திரிக்கொட்டை வாங்க வந்துபோன ஆத்மநாதன் என்பவரோடு ராசாத்தி ஒரு மத்தியானப் பஸ்ஸில் போய்விட்டாள். எழுபத்துநாலாம் வருஷம். நான் ஒரு வயதுப் பிள்ளை. அவர் வேறு சாதி. யாரோடு போனாள், எந்தப் பக்கம் போனாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பாவும் பங்காளிகளும் அரிவாளோடு ஊர் ஊராகத் தேடினார்கள். நாலாம் நாள், தான் தனியாகப் போய்ப் பார்த்து வருவதாகச் சொல்லித் தாத்தா கிளம்பினார். இரண்டு நாள் கழித்து மொட்டைத் தலையோடு வந்து நின்றார். தஞ்சாவூரில்தான் இருந்தாள், தனியாகத்தான் இருந்தாள், காமாலை முற்றிப் போய்விட்டாள், அங்கேயே எரித்துவிட்டேன் என்றார்.

மொட்டைத் தலையோடு வந்து நிற்கிற தகப்பனிடம் யார் என்ன கேட்பார்கள்? அரிவாள்கள் கூரையில் செருகப்பட்டன. பதினாறாம் நாள் கருமாதிக்கு ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. செத்தவளைப் பற்றிப் பேசக் கூடாது என்பதால், அவள் ஓடிப்போனதையும் ஊர் மறந்து கொடுத்தது. மகளைக் கொல்லவிடாமல் தடுக்கத் தாத்தாவுக்குத் தெரிந்த ஒரே வழி, அவளைத் தானே சாகடித்துவிடுவதுதான். தனக்குப் பின்னால் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று மருமகளிடம் மட்டும், அவளை ஆவுடையார்கோவிலில் ஆத்மநாதனோடு பார்த்துவிட்டு வந்த உண்மையைச் சொல்லி வைத்தார். அம்மாவுக்கும் ராசாத்திக்கும் இரண்டே வயது வித்தியாசம். ஒரே தலையணையில் படுத்துக் கதை பேசியவர்கள்.

"அப்ப கோடாங்கி வந்தப்ப?"

"ஒங்க தாத்தா பாவம்டி. மக ஆவுடையார்கோவில்ல இட்லி சுட்டுக்கிட்டிருக்கா. இங்கிட்டு இவன் உடுக்கையை அடிச்சு, 'அப்பா, எனக்குச் சீலை வேணும்'னு அவளாட்டம் பேசுறான். நீ அனலாக் கொதிக்கிற. இல்லைன்னு சொன்னா எல்லாம் வெளிய வந்துரும். ஆமான்னு சொன்னா உசுரோட இருக்கிற புள்ளைக்குப் படையல் போடணும். மனுசன் என்ன செய்வாரு?"

அடுத்த வருஷம் பெட்டியை இறக்கினார்கள். மடிப்புக் கலையாத சேலை. உரியவள் உயிரோடு இருக்கும்போது இதை நான் எப்படிக் கட்டுவது என்று அம்மா பஸ் ஏறியிருக்கிறாள். அப்படியே பழகிவிட்டது.

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அப்பாவை நினைத்து வந்தது. ஒவ்வொரு தை வெள்ளிக்கும் பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படாமல் விரதம் இருந்து, அந்தப் பெட்டிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுகிற மனிதர். இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. "அப்பாகிட்டக் கூடச் சொல்லலையேம்மா, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று கத்தினேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மொத இருபது வருசம் பயம். வெட்டிருவாருன்னு பயம். அப்புறம் அவரு மாறிட்டாரு. ஆனா விழுந்து கும்பிட்டுக்கிட்டிருக்கிற மனுசனை எழுப்பி, அது சாமி இல்லைன்னு எப்படிச் சொல்றது? ஆஸ்பத்திரியில கடைசி நாள் காதோட சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"சீலையெல்லாம் கட்டுனாளான்னு கேட்டாரு. ஒண்ணு விடாமக் கட்டுனான்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவரு பேசலை."

அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை. அம்மாவின் மடியில் தலையை வைத்து அழுதேன். வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொள்ள வசதியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அறந்தாங்கி போய், அங்கிருந்து பஸ் மாறி ஆவுடையார்கோவிலில் இறங்கினேன். அந்தக் கோயிலில் சாமிக்கு உருவம் கிடையாது. உருவமில்லாத சாமியைக் கும்பிட வந்தவர்களுக்கு, உருவமுள்ள எங்கள் சாமி தேரடிப் பக்கத்தில் இட்லி போட்டுக்கொண்டிருந்தது. நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. மாம்பழக் கலரில் அரக்குக் கரை வைத்த சேலை கட்டியிருந்தாள். அப்பாவுக்குப் பிறகு சேலை எடுப்பது என் வேலை. அந்தச் சேலையை இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் எடுத்தவள் நான்தான்.

"எத்தனைம்மா?" என்றாள். எழுபத்தொரு வயது. அப்பாவின் மூக்கு.

"நான் கலைமதி."

இட்லித் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். "காய்ச்சல் வந்த புள்ளையா?" என்று கேட்டாள்.

என்னை உட்காரவைத்து நாலு இட்லி சாப்பிட்ட பிறகுதான் பேசவிட்டாள். ஆத்மநாதன் மாமா போய் நாலு வருஷமாம். ஒரே மகள் திருப்பூரில். தான் சாமியான கதையை அம்மா முதல் தடவை வந்து சொன்னபோது இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, பிறகு அழுது, மாவு புளித்துப் போனதாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் ஒரு காலிப் பெட்டிக்குக் கீழே நின்று புலம்பியிருக்கிறேன் என்கிற எரிச்சல்தான் இருந்தது.

"ஒங்ககிட்ட நான் எவ்வளவு கேட்டிருக்கேன் தெரியுமா?" என்றேன்.

"தெரியுமே. மொதல்ல பத்தாவது கணக்குப் பரீட்சை. அப்புறம் கறம்பக்குடி மாப்பிள்ளை வேண்டாம்னு கேட்ட. வேலைக்குக் கேட்ட. எட்டு வருசமாப் புள்ளை இல்லைன்னு ஒவ்வொரு தையும் கேட்ட. அப்புறம் ஒம்மக இளமதி ரெண்டு கிலோ கூட இல்லாமப் பொறந்தா, அவ பொழைக்கணும்னு கேட்ட. ஒரு வருசம், நீயெல்லாம் ஒரு சாமியான்னு கூடத் திட்டியிருக்க."

"இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"ஒங்கம்மா சீலையைக் குடுத்துட்டு ஒண்ணொண்ணாச் சொல்லுவாங்க."

"கேட்டுட்டு என்ன செய்வீங்க?"

"நான் என்னத்தைச் செய்ய? கடையைச் சாத்திட்டுக் கோயிலுக்குப் போவேன். நீ எங்கிட்டக் கேட்டதை நான் ஆத்மநாதர்கிட்டக் கேப்பேன். ஒம்புள்ளைக்காக ஒரு மண்டலம் போனேன். கணக்குக்கு மூணு நாள்தான் போனேன்."

"நாப்பத்தொண்ணுதான் வாங்குனேன்."

"அதுக்கு மேல அவராலயும் முடியலை போல" என்றாள் அத்தை.

அப்போது சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆவி பட்டுப் பட்டுச் சிவந்து தடித்த கை. என் பிள்ளைக்காக நாற்பத்தெட்டு நாள் கும்பிட்ட கை. எனக்கு இந்த உலகத்தில் ஓர் அத்தை இருந்தாள் என்பதும், ஐம்பது வருஷம் எனக்கு அவளைத் தராமல் வைத்திருந்தார்கள் என்பதும் ஒரே நேரத்தில் உறைத்தது.

பட்டா விஷயத்தைச் சொன்னேன். எங்கே கையெழுத்து என்றாள் உடனே. வீட்டில் பங்கு எதுவும் வேண்டாம் என்றாள். "இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள வந்து பாக்கணும். அவ்வளவுதான். எங்கப்பா கல்லு சுமந்தப்ப எங்கம்மா வயித்துல நான் இருந்தேனாம். எங்கண்ணன் போனப்ப வந்தேன். ஊருக்கு வெளியவே நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன்" என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே தலையை ஆட்டினாள். "வேண்டாம்டி. நான் வந்தா சாமி போயிரும். அப்புறம் எல்லாரும் யாருகிட்டக் கேப்பாங்க?"

"சாமிக்கு என்ன பஞ்சம், ஊரு பூரா இருக்கு. அத்தைதான் எனக்கு ஒண்ணு கூட இல்லை" என்றேன்.

உதயசூரியனிடம் சொன்னபோது அவன் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு, நம்பாமலே இருந்திருக்கலாம் என்கிற மாதிரி நடந்துகொண்டான்.

"பங்காளிகளுக்கு என்னக்கா சொல்றது? ஐம்பது வருசமாக் கிறுக்குப் பயலுகளாட்டம் கும்பிட்டிருக்கோம்னா? பையனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம். இப்பப் போயி, ஓடிப்போன அத்தை ஒண்ணு இருக்குன்னு சொல்லணுமா?"

"அவங்க வீட்டுக்குள்ள ஒரு தடவை வரணும்னு கேக்குறாங்க."

"கையெழுத்து வாங்கிக்க. வேற எதுவும் வேண்டாம். இந்தக் கும்பிடு முடியட்டும், திங்கக்கிழமை ஜே.சி.பி. சொல்லியிருக்கேன். வீடு போனா எல்லாம் போயிரும்."

அவன் கெட்டவன் இல்லை. நாலு வயதில் அப்பாவோடு சேர்ந்து அந்தப் பெட்டிக்கு முன்னால் விழுந்தவன். குவைத்திலிருந்து ஒவ்வொரு தைக்கும் போனில் கும்பிட்டவன். அவனுக்கும் ஒரு சாமியை இழந்த வருத்தம் இருந்திருக்கும். இப்போது இப்படிச் சொல்கிறேன். அன்றைக்கு அவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

தை கடைசி வெள்ளியன்று காலையில், தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வாடகைக் காரில் போய் அத்தையை ஏற்றிக்கொண்டேன். வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். பிறகு தலை சீவிக்கொண்டாள். ஊருணிக்கரை வந்ததும், "நிறுத்தச் சொல்லு, நான் இங்கிட்டே நிக்கிறேன்" என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கரையில் இருந்த வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவளைத் தனியாக விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. காரை அனுப்பிவிட்டு நானும் அங்கேயே நின்றேன்.

உச்சி வேளையில் எங்கள் வீட்டார் வந்தார்கள். படையலுக்கு முன்னால் சாமியை ஊருணியிலிருந்து வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். வீட்டின் தலைமகன் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு, வேப்பிலை செருகி, மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவான். பெண்கள் குலவை போடுவார்கள். பிறகு அவன் வீட்டைப் பார்த்து நடக்க வேண்டும். சாமி பின்னாலேயே வரும். நடுவழியில் திரும்பிப் பார்த்துவிட்டால் அது அப்படியே போய்விடும் என்று பயம். அப்பா ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்த்தது கிடையாது.

உதயசூரியன் வேட்டி கட்டி, ஈரத் தலையோடு தண்ணீரில் இறங்கினான். அம்மா கரையில் நின்றாள். பங்காளிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களுமாக ஒரு பதினைந்து பேர். சூடத்தட்டு திருமுருகன் சித்தப்பா கையில். அன்றைக்கு அரிவாளோடு தேடியவர்களில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான்.

"ராசாத்தி, வீட்டுக்கு வா தாயி" என்று தம்பி கூப்பிட்டான்.

என் பக்கத்தில் அத்தை மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் தடவை கூப்பிட்டபோது அவன் குரல் கம்மியது. உயிரோடு இருக்கிற ஒருத்தியை, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, வா என்று கூப்பிடுவது அவனுக்கே உறுத்தியிருக்க வேண்டும். மூன்றாம் தடவை கூப்பிடாமல் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, அப்பா கூப்பிடுகிற மாதிரியே, இழுத்துக் கூப்பிட்டான்.

"ராசாத்தி, வீட்டுக்கு வா தாயி."

"வாரேன்ப்பா" என்றாள் அத்தை.

அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை. கூப்பிட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு ஒளிய முடியாதல்லவா, மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்றாள். திருமுருகன் சித்தப்பா தட்டோடு இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"ராசாத்தியா?"

"ஆமாண்ணே. நான்தான்."

சித்தப்பா அவளை மேலிருந்து கீழே பார்த்தார். நான் அத்தையின் முன்னால் போய் நின்றுகொண்டேன், அந்த எழுபத்தாறு வயது மனிதர் இன்னும் என்ன செய்துவிடுவார் என்று நினைத்தேனோ தெரியவில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"மலையாண்டி பெரியப்பா எங்களை நல்லா ஏமாத்திப்புட்டாரு" என்றார். "நல்ல வேளை." பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? சாமி வந்துருச்சுல்ல, குலவை போடுங்க" என்றார்.

முதல் குலவை அம்மாவுடையது. பல்லில்லாத குலவை, காற்றுதான் அதிகம் வந்தது. மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

உதயசூரியன் மட்டும் திரும்பவே இல்லை. சொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையேறி, எங்களைக் கடந்து, வீட்டைப் பார்த்து நடந்தான். கோபத்தில் போகிறானா வழக்கத்துக்குப் போகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை என்னைப் பார்த்தாள். போ என்று கண்ணால் சொன்னேன். அவனுக்குப் பத்தடி பின்னால் அவள் நடந்தாள். அவளுக்குப் பின்னால் நானும் அம்மாவும், அப்புறம் எல்லாரும். தெருவில் அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அவனுக்கும் அது கேட்டிருக்கும்.

எங்கள் வீட்டு முனையில், புது வீட்டுக்கு இறக்கியிருந்த ஜல்லி தெருவில் பாதி தூரம் சரிந்து கிடந்தது. அவன் ஓரமாகச் சுற்றிக் கடந்துவிட்டான். அத்தைக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. குவியலுக்கு முன்னால் தயங்கி நின்றாள். செருப்புச் சத்தம் நின்றது.

அவனும் நின்றான். வாசலுக்கு இன்னும் ஐந்தாறு எட்டுதான் இருக்கும். முதுகு குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

பிறகு திரும்பிப் பார்த்தான்.

"அங்கிட்டு வேண்டாம் அத்தை, வழுக்கும்" என்றான். "இங்கிட்டு வாங்க."

திரும்பி வந்து, சொம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.